பூஞ்சை பிடிக்காத விளிம்பு

டயர் கடையின் மேல்மாடிக்குப் போகும் இரும்புப் படியில் பாதி ஏறியதுமே கொசு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"மேடம், மேல ஏதோ செத்துக் கிடக்கு."

"தோல் வேலை நடக்குற இடம். தோல் என்ன மரத்துலயா காய்க்குது? ஏறு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

இன்ஸ்பெக்டரம்மா போலீஸ் அல்ல. நகர சுகாதாரத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். ஓட்டல் சமையலறைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் இறைச்சிக் கடைகளின் பின்கட்டுகளையும் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் சொல்வதைவிட அவர்கள் விட்டுச்செல்லும் அழுக்கை நம்பப் பழகியவர். வேலையை உதறிவிட்டுத் துப்பறிய இறங்கியபோது பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. கொசு, அவர் சீல் வைத்த ஓர் ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தவன். வேலை போன கையோடு அவரிடமே வந்து வேலை கேட்டான். "ஊர்ல இருந்த கொசுவையெல்லாம் ஒழிச்சேன். இது ஒண்ணுதான் மருந்துக்கு அடங்கல" என்று அவனை அறிமுகப்படுத்துவார்.

அவர்களுக்குப் பின்னால், தோளில் கைக்குழந்தையோடு அக்காக்காரி ஏறி வந்தாள். வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். குழந்தை அவளுடையது அல்ல, தங்கையுடையது. தங்கை சிறையில் இருந்தாள்.

மேலே இருந்தது தோல் வேலை பழகும் அறை. தொழிலுக்காக வருபவர்கள் இல்லை. அலுவலகம், கடை என்று வாரம் முழுக்க அலுத்தவர்கள், விடுமுறை நாளில் கூடி பர்ஸ், பெல்ட், கைப்பை என்று எதையாவது தைத்துப் பார்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன் அங்கே தங்கையின் மாமனார் மேஜை மேலேயே வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். இன்னும் நினைவு திரும்பவில்லை. வயிற்றில் விஷம் என்றார்கள் மருத்துவர்கள். அவர் குடித்த காபிக் கோப்பையிலும் அதே விஷம் இருந்தது. காபியைப் பிளாஸ்கில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தது மருமகள். போலீசுக்கு அதற்கு மேல் யோசிக்க வேலை இருக்கவில்லை.

"நாளைக்கு ஜாமீன் கேக்குறோம். போன தடவை மாதிரி இல்லைன்னுட்டா..." அக்காக்காரி படியிலேயே நின்று மூச்சு வாங்கினாள். "அவ உள்ள தினமும் பாலைப் பீச்சிச் சாக்கடையில ஊத்துறா மேடம். நின்னு போயிடக் கூடாதாம். எப்படியும் வெளிய வந்துடுவேன், பிள்ளைக்கு வேணும்னு சொல்றா. இது இங்க பவுடர் பாலைக் குடிச்சிட்டுக் கக்குது."

கொசு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மீதிப் படிகளை ஏறினான்.

கதவைத் திறந்தவர் வகுப்பை நடத்தும் மாஸ்டர். விளம்பரக் கம்பெனியில் இருந்தவர். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். குடுமி, காதில் வளையம், மூக்கில் கைக்குட்டை.

"போலீஸ் பூட்டினது. இன்னைக்குக் காலையிலதான் சாவி குடுத்தாங்க. பெருக்கக்கூட இல்ல, தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் இருக்க முடியாத அறை அது. ஜன்னல்கள் சாத்தியே கிடந்ததில் தோல், பசை, சாயம், எண்ணெய் எல்லாம் ஒன்றாகப் புளித்திருந்தன. நீள மேஜையின் மேல் பச்சை நிற வெட்டுப் பலகைகள். சுவரில் ஆணி அடித்து மாட்டிய மரச் சுத்தியல்கள், முள்கரண்டியைப் போன்ற துளை உளிகள், குத்தூசிகள், ஓரம் சீவும் கருவிகள். மேஜைக் காலருகே கிழவரின் வாந்தி யாரும் தொடாமல் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதன் மேல் ஈக்கள். அதற்குப் பக்கத்திலேயே மாஸ்டர் பாதி சாப்பிட்டு வைத்த சிற்றுண்டிப் பொட்டலம்.

"இங்கயே உக்காந்து சாப்பிட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"பசிச்சுது மேடம்."

மூலையில் ஒரு பெண்மணி தன் கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் மெல்லிய ரப்பர் கிளவுஸ். பல் டாக்டர். அன்றும் இங்கே இருந்தவர். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவுசெய்து சாமானை எடுத்துப்போக வந்திருந்தார்.

"அன்னைக்கு யார் யார் இருந்தாங்க?"

"நான், டாக்டர், தாத்தா, தாத்தாவோட பையன். மருமக பிளாஸ்கோட அப்புறம்தான் வந்தாங்க. மழைங்கிறதால மத்தவங்க வரல" என்றார் மாஸ்டர்.

"தாத்தா எப்படி வேலை செய்வார்?"

மாஸ்டரும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் முகமும் ஒரே நேரத்தில் சுளித்தது.

"அதை எப்படி மேடம் சொல்றது" என்று மாஸ்டர் ஒரு பெல்ட் துண்டை எடுத்தார். "தோலை வெட்டினா ஓரம் பிசிறு பிசிறா இருக்கும். கொஞ்சம் ஈரம் பண்ணி, இந்த மரக்கட்டையால வேகமா தேய்ச்சா சூடாகி நார் படிஞ்சு பளபளன்னு ஆகும். ஈரத்துக்குத் தண்ணி போதும். பிசின் கரைசல் இருந்தா இன்னும் நல்லது. தாத்தாவுக்கு ரெண்டும் பிடிக்காது. கட்டைவிரலை வாயில விட்டு நனைப்பார். ஓரத்துல தேய்ப்பார். மறுபடி வாய். மறுபடி ஓரம். ஒரு பெல்ட் முழுக்க இப்படியே."

"சப்பிச் சப்பியா?" என்றான் கொசு.

"சப்பிச் சப்பி."

"இதுக்குக் காசு கட்டி வேற வர்றீங்க."

"எச்சில் தாத்தான்னுதான் பேரு" என்றார் டாக்டர். "நான் முகத்துக்கு நேராவே சண்டை போட்டிருக்கேன். நாள் பூரா அடுத்தவங்க வாயைத்தான் பாக்குறேன். லீவு நாள்லயும் அதேவா?"

இன்ஸ்பெக்டரம்மா அக்காக்காரியிடம் திரும்பினார். "வக்கீல் கிட்ட ரிப்போர்ட் வந்ததில்ல? பிளாஸ்க்ல விஷம் இருந்துச்சா?"

"இல்ல மேடம். பிளாஸ்க் சுத்தமா இருந்துச்சாம். கோப்பையில கலந்திருப்பான்னு சொல்றாங்க."

"கோப்பைக்குள்ளயா?"

"உள்ள அடியில ரொம்ப இல்லையாம். விளிம்புல ஒரு பக்கம், அப்புறம் கைப்பிடியில."

"கைப்பிடியில யார் விஷம் கலப்பாங்க?" இன்ஸ்பெக்டரம்மா வெறும் கையால் ஒரு கோப்பையைப் பிடிப்பதுபோல் காட்டினார். கட்டைவிரல் கைப்பிடி மேலும் விளிம்பின் மேலும் உட்கார்ந்தது. "கோப்பையிலேர்ந்து விஷம் அவர்கிட்ட போகல. அவர் கட்டைவிரல்லேர்ந்து கோப்பைக்குப் போயிருக்கு. காபி வர்றதுக்கு முன்னாடியே மனுஷன் சப்பி முடிச்சிட்டார்."

அக்காக்காரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அப்போ எதைச் சப்பினார்?"

"அதைத்தான் தேடணும். மாஸ்டர், அன்னைக்கு அவர் கையில இருந்த வேலை எங்க?"

மாஸ்டர் தயங்கினார். ஜன்னலடியில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. "ஈரத் தோலெல்லாம் அதுலதான். மரப்பட்டையில பதனிட்ட தோல் மேடம் இது. ஈரம் ஏத்தி மூடி வச்சா உள்ள பரவி மாவு மாதிரி இளகிடும். அப்புறம் என்ன அச்சு குத்தினாலும் பதியும். காஞ்சா போச்சு."

"தாத்தா விழுந்தப்போ அந்த பெல்ட் மேஜை மேலதானே இருந்திருக்கும்?"

"ஆமா."

"பெட்டிக்குள்ள யார் போட்டது?"

"நான்தான்" என்றார் மாஸ்டர். "ஆம்புலன்ஸ் வர நேரம் ஆச்சு. காத்தாடி ஓடிட்டிருந்துச்சா, எல்லாம் காஞ்சிடுமேன்னு..."

"கீழ ஒரு மனுஷன் துடிச்சிட்டிருக்கார். நீங்க தோல் காயுதேன்னு பொறுக்கிப் பெட்டியில போட்டு மூடினீங்க."

மாஸ்டர் குடுமியை அவிழ்த்து மறுபடி முடிந்தார். டாக்டர் கிளவுஸை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார். தான் பைக்கு வெட்டி வைத்த தோலையும் சேர்த்துத்தான் மாஸ்டர் காப்பாற்றியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நல்லது" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, அருவருப்பை விழுங்கிக்கொண்டு. "உங்க கேவலமான புத்தியால ஒரு சாட்சி பிழைச்சிருக்கு. திற கொசு."

கொசு மூடியைத் திறந்தான். அடுத்த கணம் ஜன்னலுக்கு ஓடிப்போய்த் தலையை வெளியே நீட்டினான். கீழே டயர் கடையில் யாரோ, "ஏய், மேல பாத்து!" என்று கத்தினார்கள்.

பெட்டிக்குள் தோல் எதுவும் தெரியவில்லை. மயிர் தெரிந்தது. பச்சையும் சாம்பலும் வெள்ளையுமாக, நனைந்த பூனைக்குட்டிகளை அடுக்கி வைத்ததுபோல ஒரே பூஞ்சை. பர்ஸ் துண்டுகள், பைக்கு வெட்டிய பட்டைகள், கண்ணாடிக் கூடு எல்லாம் ரோமம் முளைத்துக் கிடந்தன. புளித்த மாவும் ஈரச் செருப்பும் கலந்த ஒரு வாடை எழுந்து முகத்தில் ஒட்டியது.

இன்ஸ்பெக்டரம்மா ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இதைவிட மோசமான குளிர்பெட்டிகளை அவர் திறந்திருக்கிறார். சுருட்டி வைத்த அகலமான பெல்ட் ஒன்று வந்தபோது குச்சி நின்றது.

"கொசு, வாந்தி எடுத்து முடிச்சிட்டா இங்க வா."

பெல்டின் முகம் முழுவதும் பூஞ்சை. அடிப்பக்கமும் பூஞ்சை. ஆனால் ஒரு விளிம்பில் மட்டும், தொடக்கம் முதல் பாதிக்கு மேல், தலையில் வகிடு எடுத்ததுபோல் வெறும் தோல் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் பூஞ்சை ஒதுங்கி நின்றது.

"எச்சில் பட்ட இடத்துலதான் முதல்ல முளைக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இந்தப் பெட்டியிலயே அதுக்கு நல்ல சாப்பாடு அங்கதான். ஆனா கிட்டகூடப் போகல."

"எச்சில்னு அதுக்கே குமட்டியிருக்கும் மேடம்."

"விஷம்னு தெரிஞ்சிருக்கு. அந்த விளிம்பைத் தொடாதே. போலீசுக்குப் போன் போடு. நிஜ போலீசுக்கு."

கொசு போனைக் காதில் வைத்துக்கொண்டே கண்ணால் டாக்டரின் கிளவுஸைக் காட்டினான். பேசி முடித்ததும் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்திய குரல் அறை முழுக்கக் கேட்கும். "கையில உறை. தாத்தாவோட சண்டை. மேடம், நமக்கு வேலையே வைக்காம வந்து நிக்குது கேஸ்."

"காது கேக்குது எனக்கு" என்றார் டாக்டர்.

"அப்போ நேராவே கேக்குறேன் டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "உங்க தோள்ல தொங்குற கைப்பை அழகா இருக்கு. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. யார் தேய்ச்சது?"

டாக்டரின் முகம் சிவந்தது. மாஸ்டர் திடீரென்று மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்க."

"தாத்தா" என்றார் டாக்டர், தரையைப் பார்த்து. "அவர் கைக்கு வர்ற பளபளப்பு வேற யாருக்கும் வராது. நான் மட்டுமில்ல, எல்லாருமே ரகசியமா அவர்கிட்டதான் குடுப்போம். மாஸ்டர் கடைக்கு விக்கிறதுகூட அவர் தேய்ச்சதுதான். வீட்டுக்குப் போய் மருந்து போட்டுத் துடைச்சுக்குவேன்."

"தோள்ல தாத்தா எச்சிலைத் தொங்கவிட்டுக்கிட்டு, பல்லு விளக்கச் சொல்லி ஊருக்கு உபதேசம்!" என்றான் கொசு.

"இன்னொரு பை பாதிதான் முடிச்சுக் குடுத்தார். அதுக்குள்ள இப்படி ஆச்சு" என்றார் டாக்டர். அவர் குரலில் இருந்த வருத்தம் தாத்தாவுக்கா, பைக்கா என்று கொசுவுக்கு விளங்கவில்லை. பைக்குத்தான் என்று விளங்கியபோது அவனுக்கு டாக்டர் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. மரியாதையும் போய்விட்டது.

இன்ஸ்பெக்டரம்மா சுவர்ப்பலகையில் காட்சிக்கு வைத்திருந்த வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூ அச்சு குத்திய பர்ஸ்கள், சாவிப் பட்டைகள். பெரும்பாலானவற்றில் பூக்களுக்கு நடுவே சின்னச் சின்னப் பிறை வடிவக் கோடுகள் விழுந்திருந்தன.

"இது என்ன டிசைன்?"

"டிசைன் இல்ல மேடம், தலைவலி" என்றார் மாஸ்டர். பேச்சு மாறியதில் அவருக்கு நிம்மதி. "ஈரத் தோல்ல நகம் பட்டா அப்படியே பதிஞ்சிடும். காஞ்சப்புறம் எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இது விழும். சுத்தமா இருக்கிறது ரெண்டே பேர் வேலைதான். டாக்டருக்குக் கிளவுஸ். இன்னொண்ணு தாத்தாவோட பையன்."

"அவரும் கிளவுஸா?"

"அவனுக்கு நகமே கிடையாது. சதை தெரியக் கடிச்சுத் துப்பிடுவான். வெட்டுப் பலகையில, பசை டப்பாவுக்குள்ள, எங்க பார்த்தாலும் அவன் நகம்தான். பெருக்கிப் பெருக்கி எனக்கு வாழ்க்கையே வெறுத்துப் போச்சு. அப்பனுக்கு எச்சில், பிள்ளைக்கு நகம். குடும்பமே வாயாலதான் வேலை செய்யுது." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அவன் இப்போ வந்துடுவான். அப்பா சாமானை எடுக்கணுமாம். எப்போ திறப்பீங்கன்னு காலையிலேர்ந்து ஓயாம போன்."

நிஜ போலீஸ் முதலில் வந்தார். சப்-இன்ஸ்பெக்டர், வியர்வையில் நனைந்த காலரும் எரிச்சலும். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"என்ன மேடம் கண்றாவி இது!"

"உங்க சாட்சி. அந்த விஷம் என்னன்னு ரிப்போர்ட்ல இருந்துச்சு?"

"மரச்சாமான் பூஞ்சை பிடிக்காம, பூச்சி அரிக்காம இருக்கப் பூசுற மருந்து. அந்தப் பொண்ணு வீட்டு அடுப்படி அலமாரியிலயே டப்பா இருந்துச்சு. பிடிக்காம என்ன செய்யச் சொல்றீங்க?"

"அந்த வீட்டுல மரச்சாமான் கடை வச்சிருக்கிறது யாரு?"

"மாப்பிள்ளை" என்றாள் அக்காக்காரி மெதுவாக. அவள் தங்கையின் கணவனை அப்படித்தான் அழைப்பாள். பிறகு சட்டென்று, "ஆனா மேடம், அவர் நல்லவர். தினமும் ஜெயிலுக்குப் போய் அவளைப் பார்க்கிறார். அப்பாவுக்கு வேற ஆஸ்பத்திரி. பாவம், ரெண்டு பக்கமும் அலையுறார்" என்றாள்.

அந்த நேரம் படியில் காலடி கேட்டது.

மாப்பிள்ளை சட்டை கசங்காமல் வந்தான். போலீசைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். பிறகு குழந்தையைப் பார்த்ததும் முகம் இளகியது. கண்ணும் கலங்கியது. நல்ல நேரத்தில் கலங்கத் தெரிந்த கண்.

"அக்கா, இவளையும் தூக்கிட்டு இந்த நாத்தத்துக்கா வந்தீங்க? நல்லவேளை, இதை வீட்டுக்குக் கொண்டுவரலாம்னு இருந்தேன்." பையிலிருந்து ஒரு ஜோடிக் காலணியை எடுத்தான். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பழுப்புத் தோல், இரட்டை ஊசித் தையல், முன்பக்கம் உருண்டு நிற்கும்படி ஈரத்தில் அழுத்தி வடிவம் கொடுத்தது. "அவ இல்லாத வீட்ல தூக்கம் வரல. உக்காந்து இதைத்தான் தைச்சேன். அம்மா வர்ற அன்னைக்கு பாப்பா இதைப் போட்டுக்கிட்டு நிக்கணும்."

அவனே குனிந்து குழந்தையின் கால்களில் அவற்றை மாட்டினான். அக்காக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சப்-இன்ஸ்பெக்டர்கூடத் தொண்டையைச் செருமினார்.

"பிரமாதம்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஒண்ணைக் கழட்டுங்க, பார்க்கிறேன்."

காலணியை வெளிச்சத்தில் திருப்பினார். முன்பக்கத்தின் உருண்டையில் சுற்றிலும் பிறைகள். கட்டைவிரல் அழுத்திய இடத்தில் ஒன்று, ஆள்காட்டி விரல் பிடித்த இடத்தில் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று.

"மாஸ்டர், இது யார் வேலைன்னு சொல்லுங்க."

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். "தையல் இவனோடதுதான். ஆனா இவன் தோல்ல நகம்..." என்று நிறுத்தி, அவன் கைகளைப் பார்த்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். விரல் நுனிகளில் வெள்ளையாக, ஒரே அளவாக, புதிதாக வளர்ந்த நகம்.

"எப்போலேர்ந்து கடிக்கிறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"எதை?"

"நகத்தை."

"அது... சின்ன வயசுலேர்ந்து. இப்போ விட்டுட்டேன். மனசு சரியில்ல மேடம். வீட்ல இப்படி நடந்ததுலேர்ந்து கைய வாய்ல வைக்கவே தோணல."

"மனசு சரியில்லாதவன் மிச்சம் இருக்கிற நகத்தையும் சேத்துக் கடிப்பான். அப்பா நினைவில்லாம கிடக்கார், பொண்டாட்டி ஜெயில்ல, பிள்ளை பாலுக்கு அழுது. ஆயுசுலயே நீங்க நகத்தைக் கடிக்க இதைவிட நல்ல சமயம் வராது. அப்போ போய் விட்டிருக்கீங்க."

"எல்லாரும் திருந்தக் கூடாதா மேடம்?"

"திருந்தலாம். எந்த நாள்லேர்ந்து திருந்தினீங்கன்னு உங்க நகமே அளவு காட்டுது." இன்ஸ்பெக்டரம்மா காலணியை மேஜை மேல் வைத்தார். "அன்னைக்கு நீங்க அப்பாவோட பெல்ட் விளிம்புல மருந்தைத் தடவினீங்க. வேற யார் தோலும் வேண்டாம், அவர் பெல்ட்டே போதும். அதை அவர் ஒருத்தர்தான் நக்குவார். தடவின அப்புறம் கையை எத்தனை தடவை கழுவியிருப்பீங்க? ஆனாலும் நம்பிக்கை வரல. அப்பா எப்படி விழுந்தார்னு பக்கத்துலேர்ந்து பார்த்தவர் நீங்க. அதுலேர்ந்து உங்க விரலைப் பார்த்தா உங்களுக்கே பயம்."

மாப்பிள்ளை சிரித்தான். "நகம் வளர்ந்தா கொலைகாரனா சார்? இது என்ன கூத்து?" என்று சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"தப்பா இருந்தா மன்னிப்புக் கேக்குறேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஒரே ஒரு நகத்தைக் கடிங்க. வருஷக்கணக்கா செஞ்சதுதானே. கடிச்சுத் துப்பிட்டுப் போங்க."

மாப்பிள்ளை சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

அவன் கையைத் தூக்கினான். கட்டைவிரல் உதடு வரைக்கும் வந்தது. உதடு விரிந்தது. பல் தெரிந்தது. விரல் அங்கேயே நின்றது. நெற்றியில் வியர்வை துளிர்த்து மூக்கு நுனிக்கு இறங்கியது. கட்டைவிரல் நகம் உதட்டில் பட்டபோது அவனுக்கு ஓங்கரித்தது. திரும்பி, அப்பாவின் வாந்தி காய்ந்திருந்த அதே மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"இவர் பெட்டி எது மாஸ்டர்?" என்றான் கொசு.

மாஸ்டர் காட்டிய கருவிப் பெட்டியைக் கொசு திறந்தான். உள்ளே சாயப் புட்டிகள் வரிசையாக நின்றன. எல்லா மூடிகளிலும் கறுப்பும் சிவப்புமாக விரல் தடம் அப்பியிருந்தது. ஒன்று மட்டும் மருத்துவமனைப் பாத்திரம்போல் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"மேடம், இந்த ரூம்லயே சுத்தமான பொருள் இது ஒண்ணுதான். இதைத்தான் தொடப் பயமா இருக்கு."

சப்-இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டார்.

"காபி?" என்றாள் அக்காக்காரி. அவள் குரல் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. "காபி கொண்டுவரச் சொன்னது யாரு? என் தங்கச்சி அதுக்கு முன்னாடி இந்த இடத்துக்கு வந்ததே இல்ல. அன்னைக்கு மழையில ஏண்டி போனேன்னு கேட்டேன். அவர் போன் பண்ணார்க்கா, மாமாவுக்குச் சளியாம், சூடா வேணுமாம்னு சொன்னா. நீங்கதானே கூப்பிட்டீங்க?"

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டான். வாயைத் துடைக்கக் கையைத் தூக்கி, அதுவும் முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டான்.

"வீட்டை அவ பேர்ல எழுதுறேன்னார். மகன் நான் இருக்கும்போது மருமக பேர்ல. உனக்குக் குடுத்தா வித்துடுவே, அவதான் காப்பாத்துவான்னு, இந்த மேஜையில, இவங்க எல்லார் முன்னாலயும் சொன்னார். நான் என்ன, கையாலாகாதவனா?" மூக்கை உறிஞ்சினான். "செத்துப் போகணும்னு நினைக்கல. படுத்துட்டா போதும்னுதான். அவளையும் அப்படியே விட்டிருக்க மாட்டேன் அக்கா. வீடு தனக்கு வேண்டாம்னு அவகிட்ட பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு, நல்ல வக்கீலா வச்சு வெளிய எடுத்திருப்பேன். அதான் தினமும் போய்ப் பார்த்துப் பேசிட்டிருந்தேன்."

டாக்டர் கிளவுஸைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். தோளில் இருந்த கைப்பையைக் கழற்றி மேஜை மேல் விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இது புதிதல்ல. அழுகிய மீனில் ரசாயனம் தெளித்து விற்றவனும், எலி மிதந்த தொட்டித் தண்ணீரை வடிகட்டி ஊற்றியவனும் அவரிடம் பிடிபட்டபோது பேசிய பேச்சு இதே மாதிரிதான் இருந்தது. யாரும் செத்துப்போகணும்னு நினைக்கல மேடம். ஒவ்வொருவரும் இதைத்தான் சொன்னார்கள்.

"கூட்டிட்டுப் போங்க சார்" என்றார். "அப்புறம், அந்தப் பொண்ணை இன்னைக்கே வெளிய விட என்ன வழியோ அதைப் பாருங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

"கோர்ட் மூடியிருந்தா மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்காவது போறேன் மேடம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அந்தப் பெண்ணைப் பிடித்து உள்ளே வைத்தது தான்தான் என்பது அவருக்கு இப்போது உறைத்திருந்தது.

வாசலில் மாப்பிள்ளை திரும்பி நின்றான். "அக்கா, பாப்பாவை ஒரு தடவை தூக்கிக்கிறேன். கொஞ்ச நேரம்தான்."

கைகளை நீட்டினான். குழந்தை பழகிய குரலைக் கேட்டு அவன் பக்கம் தாவியது.

அக்காக்காரி நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள். "எடு அந்தக் கையை" என்றாள். அவ்வளவு நாளும் அவனுக்குக் கொடுத்த மரியாதை அந்த ஒரு சொல்லில் உதிர்ந்தது. "எடுன்னு சொல்றேன்ல!"

அவர்கள் இறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்ததும் அவள் குழந்தையின் மற்றொரு காலிலிருந்த காலணியையும் பிடுங்கி எறிந்தாள். அறையின் கோடியில் இருந்த குழாயடிக்கு ஓடினாள். அங்கே சாயக் கறை படிந்த ஒரு சோப்புத் துண்டு கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அருவருத்துக் கீழே போட்டாள்.

"வேற சோப்பு இல்லையா? இந்த இடத்துல சுத்தமா ஒரு சோப்புகூடக் கிடையாதா?"

இன்ஸ்பெக்டரம்மா தன் பையிலிருந்து பிரிக்காத சோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொசு குழாயைத் திறந்து பிடித்தான்.  அக்காக்காரி சின்னப் பாதங்களை நுரைக்க நுரைக்கக் கழுவினாள். விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால். கழுவி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கூச்சத்தில் குழந்தை காலை உதறிச் சிரித்தது.

அவளுடைய போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தாள். சிறையிலிருந்து. வழக்கமாகத் தங்கையைப் பேச விடும் நேரம். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். புருஷனைப் பற்றிச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

"ஏண்டி" என்றாள் அக்காக்காரி, குரலைத் திடப்படுத்திக்கொண்டு. "இன்னைக்குப் பாலைப் பீச்சிட்டியா?"

மறுமுனையில் ஏதோ பதில் வந்தது.

"இல்லையா? அப்போ பீச்சாதே. வச்சுக்கோ."